இரு பொதுமொழிகள்: எஸ்பெராண்டோவும் கெச்சுவாவும்

எஸ்பெராண்டோவையும் கெச்சுவாவையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முற்படுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். முன்னது 1887இல் வார்சா நகரத்துக் கண் மருத்துவர் ஒருவர் அச்சிட்டு வெளியிட்ட சிறு நூலில் தொடங்கியது. பின்னதோ, யார் தொடங்கினார், எப்போது தொடங்கினார் என்று சுட்ட இயலாத காலந்தொட்டு ஆண்டிஸ் மலைத்தொடரில் பேசப்பட்டு வருவது. ஒன்று செயற்கை மொழி, மற்றொன்று இயற்கை மொழி என்று பிரித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படித்தபோது, எஸ்பெராண்டோவைவிடக் கெச்சுவாவே அதிகமான கைகளால் திருத்தப்பட்டும் வெட்டப்பட்டும் மறுபடி வார்க்கப்பட்டும் வந்திருக்கிறது என்னும் எண்ணமே நமக்கு வலுப்பெற்றது.

முதலில் 1560ஆம் ஆண்டுக்குச் செல்வோம். ஸ்பெயினின் வல்லாடொலிட் நகரில் அவ்வாண்டு ஒரு கெச்சுவா இலக்கணமும் ஒரு சொல்லகராதியும் அச்சாயின. இரண்டையும் எழுதியவர் பெருவில் நெடுங்காலம் வாழ்ந்த தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்னும் டொமினிக்கன் துறவி. அம்மொழிக்குக் 'கெச்சுவா' என்னும் பெயரை முதன்முதலில் அச்சேற்றியவரும் அவரே. பேசுகிற மக்கள் அதனை 'ரூனாசிமி' என்பார்கள். 'ரூனா' என்றால் மனிதர், 'சிமி' என்றால் வாய். மனிதர் பேச்சு என்று பொருள். இலக்கண நூலின் முன்னுரையில், அரசர் இரண்டாம் பிலிப்பை நோக்கித் துறவி ஒரு வாதத்தை வைக்கிறார். இம்மொழி இலத்தீனைப் போலவே வேற்றுமையும் காலமும் ஒழுங்குறப் பெற்றது. ஆகவே இதைப் பேசுவோரைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்லலாகாது என்பது அதன் சாரம். இன்று படிப்பவருக்கு இது எளிய வாதமாகத் தெரியலாம். ஆனால் அந்நாளில் பெருவின் ஸ்பானியக் குடியேறிகள், மலைமக்களின் உழைப்பையும் அவர்கள் செலுத்தும் திறையையும் தமக்குப் பரம்பரை உரிமையாக்கித் தருமாறு அரசரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தனர். தொமிங்கோ, லாஸ் காசாஸுடன் சேர்ந்து அதனை எதிர்த்து நின்றவர். வேற்றுமை உருபுகளின் பட்டியல் அவர் கையில் வழக்குக்கு வேண்டிய சான்றாவணமாக இருந்தது.

மொழியின் ஒழுங்கைக் காட்டி மனிதரின் மதிப்பை நிலைநாட்டலாம் என்ற அதே நம்பிக்கையை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கண்டத்தில் காண்கிறோம். லாசர் லுட்விக் சாமன்ஹோஃப் 1859இல் பியாலிஸ்டாக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று போலந்தில் இருக்கும் அந்நகரம் அன்று ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. யூதர், போலந்தியர், ருஷ்யர், ஜெர்மானியர் என நான்கு இனத்தார் நான்கு மொழி பேசி, ஒருவரை ஒருவர் பகைவராகவே கருதி வாழ்ந்த ஊர் அது. எவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி எல்லாருக்கும் இரண்டாம் மொழியாக அமைந்தால் இந்தப் பகை தணியும் என்று அச்சிறுவன் நினைத்தான். வளர்ந்த பின்னும் அந்த நினைப்பைக் கைவிடவில்லை. மாமனார் கொடுத்த பணத்தைக் கொண்டு 1887இல் ருஷ்ய மொழியில் அவர் வெளியிட்ட முதல் நூலில் 16 இலக்கண விதிகளும் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும் இருந்தன. ஆசிரியர் பெயராக 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்று போட்டுக்கொண்டார். 'நம்பிக்கை கொண்டிருப்பவர்' என்பது அதன் பொருள். புனைபெயரே பின்னர் மொழியின் பெயராயிற்று. மொழி என்பது பொதுச்சொத்து, ஆகவே இதன்மீது எனக்கு எவ்வுரிமையும் இல்லை என்று அந்நூலிலேயே எழுதிக்கொடுத்துவிட்டார். ஒரு கோடிப் பேர் கற்பதாக வாக்களித்தால் தானும் கற்பேன் என்று ஒப்பமிட்டு அனுப்புவதற்கான சீட்டுகளும் நூலில் இணைக்கப்பட்டிருந்தன. 1889இல் வெளிவந்த முதல் முகவரிப் பட்டியலில் இருந்தவர்கள் ஆயிரம் பேர்.

இரு மொழிகளின் கட்டமைப்பையும் சற்றே பார்ப்போம். எஸ்பெராண்டோவில் பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ' என்று முடியும். பெயரடை எல்லாம் 'ஆ' என்று முடியும். விதிவிலக்கு கிடையாது. 'சனா' என்றால் நலமான. எதிர்மறையைக் குறிக்கும் 'மல்' முன்னே சேர்ந்தால் 'மல்சனா', நலமற்ற. ஆளைக் குறிக்கும் 'உல்' சேர்ந்தால் நோயாளி. இடத்தைக் குறிக்கும் 'ஏய்' அதன்மேல் சேர்ந்தால் 'மல்சனுலேயோ', மருத்துவமனை. கெச்சுவாவும் இப்படி ஒட்டு ஒட்டாகக் கட்டப்படும் மொழிதான். 'வாசி' என்றால் வீடு, 'வாசிகுனா' வீடுகள், 'வாசிய்குனாபி' என் வீடுகளில். வேர் சிதையாமல் நிற்க, உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் அமர்கின்றன. இரு மொழிகளிலும் அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயல் அசையில்தான் விழும். சாமன்ஹோஃப் அறையில் உட்கார்ந்து தேடியெடுத்த ஒழுங்கில் பெரும்பகுதியை ஆண்டிஸ் மலையில் ஆடு மேய்த்தவர்கள் எவரும் கேளாமலே பெற்றிருந்தார்கள். ஒழுங்கு என்பது அறிஞர் ஆக்குவது, குழப்பம் என்பது மக்கள் ஆக்குவது என்ற எண்ணம் நம்மிடமும் உண்டல்லவா? அதை இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேறுபடும் இடங்களும் உண்டு; தமிழ் வாசகர்களுக்கு அவையே சுவையானவை. எஸ்பெராண்டோவில் தன்மைப் பன்மைக்கு 'நி' என்ற ஒரே சொல். கெச்சுவாவில் இரண்டு. கேட்பவரையும் உள்ளடக்கினால் 'ஞொகான்சிக்', விலக்கினால் 'ஞொகாய்க்கு'. நாம், நாங்கள் என்று நாம் வழங்குவதைப் போலவே. சாமன்ஹோஃப் அறிந்திருந்த ருஷ்யம், போலிஷ், ஜெர்மன், யித்திஷ் ஆகிய எதிலும் இந்த வேறுபாடு இல்லை. ஆகவே அவர் மனத்தில் அது எழ வாய்ப்பிருந்திருக்காது. மானுடம் முழுவதையும் உள்ளடக்க எண்ணிய மொழியில் உள்ளடக்கும் 'நாம்' இல்லாமற் போனது விந்தைதான். இன்னொன்று, கெச்சுவாவில் ஒரு செய்தியைச் சொல்பவர் அதை எப்படி அறிந்தார் என்பதையும் உருபால் காட்டலாம். நேரில் அறிந்தது எனில் 'மி', பிறர் சொல்லக் கேட்டது எனில் 'சி', ஊகமெனில் 'ச்சா'. 1608ஐ ஒட்டி எழுதப்பட்ட வரோச்சிரிக் கையெழுத்துப்படியில் மலைத்தெய்வங்களின் கதைகள் இந்தச் 'சி' தொடர்ந்து ஒலிக்கச் சொல்லப்படுகின்றன. 'வந்தானாம், போனானாம்' என்று பாட்டிமார் கதை சொல்லும் 'ஆம்' நம்மிடமும் இருக்கிறது. சாமன்ஹோஃப் மாணவராக இருந்தபோது எழுதிவைத்த முதல் மொழி வரைவுகளை அவர் தந்தையார் எரித்துவிட்டாராம். அச்செய்தியைச் சொல்ல நமக்கும் இந்த 'ஆம்' தேவைப்படுகிறது.

இவ்வொற்றுமைகளைக் கண்டு கெச்சுவாவோடு உறவு கொண்டாட உடனே கிளம்பிவிட வேண்டாம். இணையத்தில் அத்தகைய கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஒட்டுமொழிகள் உலகில் பல. தொடர்பே இல்லாத மொழிகள் ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டுகொள்வதும் இயல்பு.

இனி, கெச்சுவா எவ்வாறு வார்க்கப்பட்டது என்ற கதைக்கு வருவோம். கெச்சுவா இன்காக்களோடு தோன்றியதன்று. அவர்கள் அரசமைக்கப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது பெருவின் நடுப்பகுதியில் கிளைகளாகப் பிரிந்து பரவியிருந்தது என்பதை ஆல்ஃபிரெடோ தொரேரோ, கேரி பார்க்கர் ஆகிய மொழியியலாளர்கள் 1960களில் நிறுவினர். இன்காக்கள் அதனை நிர்வாக மொழியாக எடுத்துக்கொண்டார்கள். குடிகளை ஊர்விட்டு ஊர் பெயர்த்துக் குடியேற்றும் அவர்களின் வழக்கமும் அதனைப் பரப்பியது. 1532இல் பிசாரோ, கஹமார்க்கா நகரில் இன்கா மன்னன் அதவால்பாவைச் சிறைப்பிடித்த பிறகு, இதே மொழி ஸ்பானியர்க்கும் வசதியாயிற்று. அவர்கள் இட்ட பெயர் 'பொதுமொழி'.

அந்தப் பொதுமொழிக்கு ஓர் எழுத்து வடிவத்தை ஆக்கும் பணியை 1582-83இல் லிமாவில் கூடிய மூன்றாவது திருச்சபை மன்றம் மேற்கொண்டது. மலை முழுவதற்கும் ஒரே மறைநூல் வேண்டும். ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சு மாறியது. மொழிபெயர்ப்பாளர்கள் குஸ்கோ நகரத்துப் பேச்சை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன் மிகையான நயங்களையும் நாட்டுப்புறக் கொச்சையையும் ஒருசேரத் தள்ளினார்கள். குஸ்கோவுக்கே உரிய சில ஒலிகளை எழுத்தில் காட்டாமலும் விட்டார்கள். எவரும் வீட்டில் பேசாத, எல்லாரும் ஓரளவு புரிந்துகொள்ளத்தக்க ஒரு நடை பிறந்தது. 1584இல் ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா என மும்மொழிகளில் அச்சான அந்த மறைக்கல்வி நூலே தென் அமெரிக்காவில் அச்சிடப்பட்ட முதல் நூல். தமிழின் முதல் அச்சு நூலான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578இல் வெளிவந்தது. அதுவும் மறைக்கல்வி நூல், அதற்குப் பின்னாலும் இயேசு சபையார். ஆறாண்டு இடைவெளியில் உலகின் இரு மூலைகளில் ஒரே வேலை நடந்திருக்கிறது.

வடிவத்தோடு பொருளும் மாற்றப்பட்டது. 'சூபாய்' என்னும் சொல்லுக்குத் தொமிங்கோவின் 1560 அகராதி ஆவி என்ற அளவிலேயே பொருள் தருகிறது. நல்ல சூபாயும் உண்டு, நல்லதல்லாத சூபாயும் உண்டு. பாதிரிமார் நல்லதை வெட்டிவிட்டார்கள். இன்று வரை 'சூபாய்' என்றால் சாத்தான். கடமை, காரியம் என்ற பொருட்பரப்பில் நின்ற 'ஹூச்சா' பாவம் என்றாயிற்று. கடவுளுக்கு மட்டும் கெச்சுவாச் சொல் எதுவும் போதவில்லை போலும். ஸ்பானிய 'தியோஸ்' அப்படியே வைக்கப்பட்டது. சாமன்ஹோஃப் ஒரு சொல்லை ஆக்கியபோது எவருடைய நினைவும் அழியவில்லை. லிமாவில் ஒவ்வொரு சொல்லாக்கமும் முன்பிருந்த ஒன்றின்மேல் எழுதப்பட்டது. செயற்கை என்ற சொல்லை எங்கே பயன்படுத்துவது என்று இந்த இடத்தில்தான் நமக்கு ஐயம் பிறந்தது.

எஸ்பெராண்டோவுக்கும் திருத்துவோர் தொல்லை இருந்தது. 1905இல் பிரான்சின் பூலோன் நகரில் நடந்த முதல் உலக மாநாட்டில் ஏறத்தாழ 700 பேர் கூடினர். அதுவரை கடிதத்தில் மட்டுமே எழுதிப் பழகியோர் அங்கே வாய்திறந்து பேசி, ஒருவர் பேச்சு மற்றவர்க்குப் புரிவதைக் கண்டு வியந்தனர். அவ்வாண்டே வெளியான அடிப்படை நூலை எவரும் தொடக்கூடாது, அதிலுள்ள பிழைகளையும் கூடத் திருத்தலாகாது என்று முடிவாயிற்று. 1907இல் 'இதோ' என்ற பெயரில் ஒரு திருத்திய வடிவம் புறப்பட்டுத் தலைவர்கள் பலரை இழுத்துச் சென்றது. சாதாரண ஆர்வலர்கள் அசையவில்லை. இன்று 'இதோ'வை அறிந்தோர் மிகச் சிலர். பூலோன் மாநாட்டில் இன்னொன்றும் நடந்தது. சாமன்ஹோஃப் ஒரு யூதர் என்ற செய்தி இதழ்களில் பெரிதாக வராதபடி பிரெஞ்சு ஏற்பாட்டாளர்கள் பார்த்துக்கொண்டனர். யூதர்க்கெதிரான வெறுப்பு பிரான்சில் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. எவருக்கும் சொந்தமில்லாத மொழி என்று சொல்லிக்கொள்ள, அதை ஆக்கியவரின் இனத்தை மறைக்க வேண்டியிருந்தது.

மறைத்தும் பயனில்லை. ஹிட்லர் தம் நூலில் எஸ்பெராண்டோவை யூதரின் உலகாளும் சூழ்ச்சிக்குரிய கருவியென்றார். சோவியத் நாட்டிலோ வெளிநாட்டாரோடு கடிதம் எழுதுவோர் என்பதே குற்றமாயிற்று. 1937-38 களையெடுப்பில் எஸ்பெராண்டோ இயக்கம் அழிக்கப்பட்டு, அதன் தலைவர் எர்னெஸ்ட் திரேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். சாமன்ஹோஃப் 1917இலேயே மறைந்துவிட்டதால் இவற்றைக் காணவில்லை. மகன் ஆடம் 1940இல் நாஜிகளால் சுடப்பட்டார். மகள்கள் சோஃபியாவும் லிதியாவும் 1942இல் திரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டனர்.

கெச்சுவாவின் மீதான தடை அதற்கும் முந்தியது. 1780இல் இரண்டாம் தூபாக் அமாரு தலைமையில் எழுந்த பெருங்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, 1781 மே 18 அன்று குஸ்கோவின் சதுக்கத்தில் அவரும் மனைவி மிகாயேலா பாஸ்திதாஸும் கொல்லப்பட்டனர். அரேச்சே என்னும் அரச அதிகாரி எழுதிய தீர்ப்பு, மனிதரோடு நிற்கவில்லை. இன்கா உடை கூடாது. இன்கா மன்னரின் படங்கள் கூடாது. சங்கு ஊதக் கூடாது. முன்னோர் நினைவைச் சொல்லும் நாடகங்கள் கூடாது. மக்கள் ஸ்பானியமே பேச வேண்டும். இன்கா இளவரசி ஒருத்திக்கும் ஸ்பானியப் படைத்தலைவனுக்கும் பிறந்த கார்சிலாசோ 1609இல் வெளியிட்ட இன்கா வரலாற்று நூலையும் தேடிப் பறிமுதல் செய்ய ஆணை பிறந்தது. ஒரு காலத்தில் ஆள்வதற்கு வசதி என்று வார்த்தெடுத்த மொழியை, எழுந்து நிற்பதற்கும் அது உதவுகிறது என்று கண்டபோது அழிக்க முற்பட்டார்கள்.

குடியரசு ஆண்ட காலத்தைக் குறித்து இங்கு விரித்தெழுதப் போவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கு வாக்குரிமை கொடுத்தது 1979ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம்தான் என்பதொன்றே போதும். எழுத்தறிவு என்றால் ஸ்பானிய எழுத்தறிவு. எனவே மலைநாட்டுக் குடிமக்களுள் பெரும்பகுதியினர் அதுவரை வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1975 மே மாதத்தில், படைத்தலைவர் வெலாஸ்கோ அல்வராடோவின் அரசு கெச்சுவாவை ஸ்பானியத்துக்கு நிகரான ஆட்சிமொழியாக அறிவித்திருந்தது. மூன்றே மாதத்தில் வெலாஸ்கோ கவிழ்க்கப்பட்டார். ஆணை ஏட்டில் நின்றது. 1979 அரசியலமைப்பு அதனையும் சில வட்டாரங்களுக்கெனச் சுருக்கியது.

எழுத்துச் சீர்திருத்தம் மட்டும் தொடர்ந்தது, சண்டையும் தொடர்ந்தது. கெச்சுவாவுக்கு எத்தனை உயிரெழுத்து? மொழியியலாளர்கள் மூன்று என்கிறார்கள்: அ, இ, உ. எ, ஒ என்று காதில் விழுபவை அடித்தொண்டை ஒலியின் பக்கத்தில் வரும்போது இ, உ பெறும் சாயலே என்பது அவர்கள் வாதம். 'கடல்', 'தங்கம்', 'அகம்' என்ற மூன்றிலும் ஒரே 'க' மூவகையாய் ஒலிக்க, நாம் ஓரெழுத்தோடு நிம்மதியாக இருப்பதை எண்ணினால் இவ்வாதம் விளங்கும். 1985இல் அரசு மூன்றுயிர் முறையை ஏற்றது. குஸ்கோவிலுள்ள கெச்சுவா மொழிக் கழகம் ஏற்கவில்லை. எங்கள் வாயில் ஐந்து இருக்கிறது, லிமாவில் உட்கார்ந்திருப்போர் எங்களுக்கு மூன்று என்று சொல்லித் தருவதா என்று கேட்டது. இலக்கண நியாயம் மொழியியலாளர் பக்கம் என்றே நாம் எண்ணுகிறோம். எனினும் நானூறாண்டுகளாக வெளியார் வந்து வந்து மொழியைத் திருத்திப் போன ஊரில், இன்னொரு திருத்தம் எவ்வளவு சரியானதாயினும் கசப்பாகவே இறங்கும். எஸ்பெராண்டோவுக்கு 1905லேயே 'தொடாதே' என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அதைத் தொட விரும்பிய அரசு எதுவும் அன்று இல்லை. ஆயிரமாயிரம் நூல்கள் கொண்ட நூலகமும் ஒரே எழுத்துமுறையும் அதற்கு வாய்த்திருக்கின்றன. பிறந்ததிலிருந்தே அதைப் பேசுவோர் ஓரிரு ஆயிரம் பேர்தான். கெச்சுவாவை, 2017 கணக்கெடுப்பின்படி பெருவில் மட்டும் 37 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பொலிவியா, எக்குவடோர் முதலான நாடுகளையும் சேர்த்தால் 80 இலட்சத்துக்குக் குறையாது. அவர்களுக்கு எழுத்தில் இன்னும் ஒற்றுமையில்லை.

ஆனால் நூலகத்தை வைத்து ஒப்பிட்டு நிறுத்திக்கொண்டால் முக்கியமானதை விட்டுவிடுவோம். எஸ்பெராண்டோ கற்றவர் அதை ஏற்றுக்கொண்டவர். ஆபத்து வந்தபோது நூல்களை ஒளித்துவைத்து, வீட்டில் போலிஷோ ருஷ்யமோ பேசிக்கொள்ள முடிந்தது. கெச்சுவா பேசுபவர் வாயைத் திறந்தால் ஊரும் குலமும் தெரிந்துவிடும். 1980 முதல் 2000 வரை பெருவில் 'ஒளிரும் பாதை' இயக்கத்துக்கும் அரசுப் படைகளுக்கும் இடையில் நடந்த போரை ஆராய்ந்த உண்மை அறியும் ஆணையம் 2003இல் தன் அறிக்கையை வைத்தது. மாண்டோர் 69,280 பேர் என்பது அதன் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு 75 பேரின் தாய்மொழி கெச்சுவாவோ வேறொரு பழங்குடி மொழியோ ஆகும். 1993 கணக்கெடுப்பில் அத்தகையோர் நாட்டு மக்களில் நூற்றுக்கு 16 பேரே. இத்தனை பேர் மடிந்தது தலைநகரத்தில் உறைக்கவில்லை என்பதையும் ஆணையம் பதிந்திருக்கிறது. 2002இல் அயகூச்சோவில் நடந்த விசாரணைகளில் தாய்மார்கள் கெச்சுவாவில் சாட்சி சொன்னார்கள். நாட்டின் மற்றொரு பாதிக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

2021 ஆகஸ்டில் பெருவின் பிரதமர் கீதோ பெயீதோ நாடாளுமன்றத்தில் தம் உரையைக் கெச்சுவாவில் தொடங்கியபோதும் அவைத்தலைவர் இடைமறித்து, மொழிபெயர்க்கச் சொன்னார்.

இரு மொழிகளும் ஒரே மனிதரின் வாழ்வில் அருகருகே வந்த இடம் ஏதேனும் உண்டா என்று தேடினோம். சற்றே விலகிய ஒன்று கிடைத்தது. லிமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ஃபெதரிகோ வில்யாரியால், பெருவில் எஸ்பெராண்டோவைப் பரப்பிய முன்னோடி. அவரே, வடக்குக் கடற்கரையில் வழக்கொழிந்துகொண்டிருந்த யுங்கா மொழியைக் குறித்து, 1644இல் அச்சான பழைய இலக்கணமொன்றை ஆதாரமாகக் கொண்டு 1921இல் ஒரு நூல் வெளியிட்டார். வரப்போகும் மொழியென்று தாம் நம்பிய ஒன்றுக்கும் போய்க்கொண்டிருந்த ஒன்றுக்கும் ஒருவரே உழைத்திருக்கிறார்.

அதே சான் மார்கோஸில் 1579-80ஐ ஒட்டிப் 'பொதுமொழி'க்கென்று ஓர் ஆசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டிருந்தது. பாதிரிமார் கற்பதற்காக. மலைமக்கள் கற்பிப்பதற்காகவோ எழுதுவதற்காகவோ இல்லை. அப்பல்கலைக்கழகத்தில் முழுவதும் கெச்சுவாவிலேயே எழுதப்பட்ட முதல் முனைவர் பட்ட ஆய்வேட்டை, ரொக்சானா கிஸ்பே கொயாந்தெஸ் என்னும் பெண்மணி 2019 அக்டோபரில் முன்வைத்தார். குஸ்கோப் பகுதியைச் சேர்ந்த அவர், கெச்சுவாக் கவி ஆந்த்ரேஸ் அலென்காஸ்த்ரேயின் பாடல்களை ஆராய்ந்திருந்தார். கொக்கோ இலையும் சோள மதுவும் வைத்து நிலத்தாய்க்கு வணக்கம் செலுத்திய பின்பே பேசத் தொடங்கினார். தேர்வாளர்கள் கெச்சுவாவிலேயே கேள்வி கேட்டார்கள். அவரும் கெச்சுவாவிலேயே விடையளித்தார்.